எட்டு மாதப் பூச்சு

முலாமக்காவைப் போலி என்று சொல்லிக்கொண்டு திரிகிற எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையை நீங்கள் ஒன்றும் துப்பறிந்து கண்டுபிடித்துவிடவில்லை. அவளே தன் வாயால், நாலு பேர் முன்னால் சொன்னது அது. ஏன் சொன்னாள் என்பதை விட்டுவிட்டு, சொன்ன ஒற்றை வார்த்தையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்த் தெருத்தெருவாகப் பரப்புகிறீர்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன். அவள் நகைக்கு முலாம் பூசிக் கவரிங் விற்கிறவள், அதனால்தான் முலாமக்கா. நான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி. அன்றைக்கு அவளோடு கூடப் போனவள்.

எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவளுடைய மெருகுச் சக்கரம் சுற்றினால் இந்தப் பக்கம் என் காகிதக் கட்டு அதிரும். எட்டடிக்குப் பன்னிரண்டடி இடம். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் வளையல், தோடு, சங்கிலி. பின்னால் வரிசையாக பிளாஸ்டிக் தொட்டிகள். அமிலம், தண்ணீர், சோப்புத் தண்ணீர், மறுபடி தண்ணீர், கடைசியில் தங்கத் தண்ணீர். அந்தத் தங்கத் தண்ணீர்ப் பாத்திரம் பால் காய்ச்சுகிற பாத்திரம் அளவுகூட இருக்காது. மேலே ஒரு மின்பெட்டி, அதில் நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு முள். ஓரமாக ஒரு தட்டு நிறைய மரத்தூள். பூச்சு முடிந்த நகையை அதில் புரட்டித்தான் ஈரம் போக்குவாள். துணியால் துடைத்தால் கோடு விழுமாம்.

வளையலைச் செம்புக் கம்பியில் கோத்துத் தங்கத் தண்ணீரில் இறக்கிவிட்டு வாய்க்குள் எண்ணுவாள். இருபது எண்ணினால் லேசான பூச்சு, அறுபது எண்ணினால் கனமான பூச்சு. எண்ணும்போது யார் என்ன கேட்டாலும் பதில் வராது. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், சாது. "பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ எதையோ எண்ணிட்டிருந்திருக்கா. அதான் வேணாம்னு சொல்ல மறந்துட்டா, நான் தப்பிச்சு உள்ள வந்துட்டேன்" என்பார். அதற்கும் பதில் வராது, அவள் நாற்பத்தி மூன்றில் இருப்பாள்.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் குழாய் செய்கிற தொழிற்சாலையில் இருந்தாள். குளியலறைக் குழாய்களுக்கு வெள்ளை மினுக்குப் பூசுகிற வேலை. தொழிற்சாலையை மூடினார்கள். கொடுத்த தொகையில் இந்தப் பழைய மின்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து கடை போட்டாள். பத்து வருடம் ஆகிறது. "பூச்சு அதேதான்டி" என்பாள் என்னிடம். "குழாயப் பாத்து யாராச்சும் போலி வெள்ளின்னு சொன்னாங்களா? தொறந்தா தண்ணி வருதான்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. தங்கக் கலர்ல எதையாச்சும் செஞ்சா மட்டும் எல்லாருக்கும் நாக்கு நீளுது."

நாக்கு நீளத்தான் செய்தது. கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வார்த்தையோடு வருவார்கள். ஒருத்தி "டூப்ளிகேட் வளையல் இருக்கா?" என்பாள். ஒருவர் "டூப்பு நகைதானே, குறைச்சுக் குடுங்க" என்பார். இன்னொருவர் தோழமையோடு கண்ணடித்து, "டுபாக்கூர்னு யாருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்பார். அவ்வளவுதான். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"இங்க பாருங்க. இது கவரிங். பலகைல அப்படித்தான் எழுதியிருக்கேன், ரசீதுலயும் அப்படித்தான் எழுதறேன். கவரிங்க தங்கம்னு சொல்லி ஒருத்தன் வித்தான்னா அவன் போலி. பொருள் என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். பிறகு மேல்வரிசையில் ஒரு பல்லை விரலால் தட்டிக் காட்டுவாள். "இத பொய்ப்பல்லுன்றாங்க. நாலு வருஷமா இதாலதான் எலும்பு கடிக்கறேன். என்ன பொய் சொல்லுச்சு இது உங்ககிட்ட?"

வந்தவர் அரண்டு போய்ச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு நாள் ஓர் ஆள் வந்து "பித்தலாட்டக் கடை" என்று சொல்லிவிட்டான். வாங்கிப் போன தோடு மங்கிவிட்டதாம், பத்து மாதம் கழித்து. அக்கா முன்மேசையின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். "பித்தளைல வேலை செய்யறவதான்யா நான். ஆட்டம் ஆடறவன் வேற. பத்து மாசம் தாங்கினதுக்கு நீ எனக்கு நன்றி சொல்லணும்!" என்று அவள் கத்தியது சாலையின் எதிர்ப்பக்கம் வரை கேட்டது. நான் என் கடையிலிருந்து சிரித்தேன். "நீ என்னடி சிரிக்கற? நீ எடுக்கற நகலுக்கு ஆபீசர் முத்திரை குத்தி 'உண்மை நகல்'னு எழுதறான். உன் காகிதத்துக்கு இருக்கற மரியாதை என் சங்கிலிக்கு இல்ல" என்று என் மேலும் பாய்ந்தாள்.

அவளுக்கென்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. எதை விற்றாலும், வாங்குகிறவர் "இது தங்கம் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பொட்டலம் கைக்கு வரும். காதலிக்கு மோதிரம் வாங்க வந்த ஒரு பையன் முணுமுணுத்தான் என்பதற்காக இரண்டு முறை சொல்ல வைத்தாள். இரண்டாவது வழக்கம், தங்கள் சொந்தத் தங்க நகையைக் கொண்டுவந்து அதே போல ஒன்று செய்யச் சொல்கிறவர்களுக்கானது. அசலைப் பீரோவில் பூட்டிவிட்டு நகலைப் போட்டுக்கொள்கிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். அவர்களுக்குக் கொடுக்கும்போது நகலின் கொக்கியில் சிவப்பு நூல் ஒன்று கட்டிக் கொடுப்பாள். அதோடு அசலையும் தன் தண்ணீரில் கழுவி, பளபளப்பாக்கி, இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும்படி கொடுப்பாள். ஒன்று அழுக்கும் ஒன்று புதுசுமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக.

இந்த இரண்டு வழக்கத்தையும் மீறி அவள் கொடுத்த ஒரே நகை டீச்சரம்மாவுடையது.

டீச்சரம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், மீதிப் பேரை முட்டி போட வைத்தவர். ஒரு மகன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மருமகள் கண்ணாடிக் கடையில் பார்வைக் கண்ணாடி பொருத்துகிறாள். ஒரு பேத்தி, ஐந்து வயது. என் கடையில் நின்று "என் மருமக பத்தரை மாத்துத் தங்கம்" என்று டீச்சரம்மா சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அது கல்யாணமான புதிதில்.

இரண்டு வருடத்துக்கு முன் தன் இரட்டை வடச் சங்கிலியோடு அக்காவிடம் வந்தார். இருபது வருடம் போட்ட சங்கிலி. எண்ணெயும் சோப்பும் ஏறி மங்கிக் கிடந்தது. சங்கிலி பறிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், இதே போல ஒன்று வேண்டும் என்றார். அக்கா மூன்று வாரம் அதில் உட்கார்ந்தாள். ஒரு வளையம் ஒட்டுப் போட்டிருந்தால் அதே இடத்தில் அதே ஒட்டு. வாங்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"அசலையும் ஒரு முக்கு முக்கிக் கழுவித் தரேன் டீச்சரம்மா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா.

"வேண்டாம். என் தங்கத்த உன் தண்ணில போடாத. கழுவறேன்னு சொல்லி தங்கத்தக் கரைச்சு எடுத்துக்கற ஆளுங்கள எனக்குத் தெரியும்."

அக்கா முகம் கறுத்தது. ஆனால் வந்தவர் டீச்சரம்மா. அக்காவின் மகளே அவரிடம் படித்தவள்தான். சிவப்பு நூலை எடுத்தாள்.

"இது என்ன, சலவைக்குப் போட்ட துணி மாதிரி? எடு அத. கழுத்துல போட்டா நூல் தெரியாதா?"

"வீட்டுக்குப் போனதும் அவுத்துடுங்க. இப்ப மட்டும் 'நூல் கட்டினது தங்கம் இல்ல'ன்னு ஒருதரம் சொல்லிடுங்க."

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்கள ஒப்பிக்க வச்சவ. என்னையே ஒப்பிக்க வைக்கறியா நீ?" என்று சிரித்தார் டீச்சரம்மா. பிறகு நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆனா உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். பெத்த தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது."

தலைமையாசிரியை வாயால் பாராட்டு. அக்கா நூலைக் கீழே போட்டாள். அந்த நொடியில் அவளை நான் உலுக்கியிருக்க வேண்டும். நானும் இளித்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டு சங்கிலியும் ஒரே கைப்பையில் போயின.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து டீச்சரம்மா மறுபடி வந்தார், ஏதோ சான்றிதழை நகல் எடுக்க. என் கடையில் நின்றபடியே தடுப்புக்கு மேல் எட்டி அக்காவைக் கூப்பிட்டு, கழுத்தைக் காட்டினார். "பாத்தியா? தினமும் போடறேன். குளிக்கும்போதுகூட கழட்டறதில்ல. இன்னும் மங்கல, செம்பு தெரியல!" என்றார். அக்கா எட்டிப் பார்த்தாள். சங்கிலியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்ததே தவிர, எங்கும் செம்பு தெரியவில்லை. அவள் முகத்தில் வந்த பூரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுவாரமே பலகை வைத்தாள். "இரண்டு வருடம் ஆனாலும் மங்காது." எழுத்தை அச்செடுத்துக் கொடுத்தவள் நான். ஓர் அடி உயர எழுத்து, மஞ்சள் நிறம், ஓரத்தில் இரண்டு நட்சத்திரம் வேறு. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் டீச்சரம்மாவின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். பட்டப்பகலில், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர், எங்கள் கடைக்கு நாற்பது அடி தள்ளி. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. தெருவே ஓடி வந்தது. டீச்சரம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "போகட்டும் விடுங்க! கவரிங்! அசல் வீட்ல பீரோல பத்திரமா இருக்கு. அந்த முட்டாப் பசங்க அடகுக் கடைல போய் நிக்கறப்ப மூஞ்சியப் பாக்கணும்!" என்றார். புகாரே கொடுக்கவில்லை. தெருவே சிரித்தது. நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். அக்கா, "என் சங்கிலிக்காக உயிரப் பணயம் வச்சு வண்டி ஓட்டறானுங்க" என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அதுதான் எங்கள் எல்லோருக்கும் பேச்சு.



போன மாதம் டீச்சரம்மா என் கடைக்கு வந்தார். முகம் இறுகியிருந்தது. கையால் எழுதிய இரண்டு பக்கக் காகிதத்தை நீட்டி, மூன்று நகல் வேண்டும் என்றார். வருகிற காகிதத்தைப் படிக்காமல் நகல் எடுப்பது எங்கள் தொழில் ஒழுக்கம். ஆனால் டீச்சரம்மாவின் கையெழுத்து கரும்பலகை எழுத்து மாதிரி, கண்ணை மூடிக்கொண்டாலும் உள்ளே வந்து விழும். காவல் நிலையத்துக்கு எழுதிய புகார் அது. பேத்திக்காக அழித்து வேறு நகை செய்யலாமென்று பீரோவிலிருந்த சங்கிலியை நகைக்கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, உள்ளே செம்பு என்று சொல்லியிருக்கிறார். பீரோச் சாவி இரண்டே பேரிடம்தான், தன்னிடமும் மருமகளிடமும். மருமகளின் அண்ணன் சமீபத்தில் சொந்தமாக ஆட்டோ வாங்கியிருக்கிறான். ஆகவே மருமகள், "போலி நகை தயாரிக்கும் பெண்மணி" ஒருத்தியோடு கூட்டுச் சேர்ந்து இரண்டாவதாக ஒரு நகல் செய்து பீரோவில் வைத்துவிட்டு, அசல் தங்கத்தைத் திருடிவிட்டாள். மறுநாள் காலை கொடுக்கப் போவதாகத் தேதி போட்டிருந்தது.

மூன்று நகலைக் கொடுத்தேன். நான்காவதாக ஒன்றை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒழுக்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வர வேண்டாம்.

அக்கா படித்ததும் முதலில் கோபப்பட்டது அவளைப் பற்றி எழுதியதற்கு. "பெண்மணியாம்! போலி நகை தயாரிக்கும் பெண்மணியாம்! நாக்கு கூசாம எப்படிடி எழுதறாங்க? நானா ரெண்டாவது செஞ்சேன்? என் ரசீதுப் புத்தகத்த எடுத்துட்டுப் போயி மூஞ்சில வீசறேன் இரு" என்று குதித்தாள். அவள் குதித்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"அக்கா, நீங்க ஒண்ணுதான் செஞ்சீங்க."

"ஒண்ணேதான்."

"அந்த ஒண்ணைத்தான் திருடன் பறிச்சுட்டுப் போயிட்டானே. அப்ப பீரோல எப்படிக் கவரிங் வந்துச்சு?"

அவள் வாய்க்குள் எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. பிறகு தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி விளக்கடியில் வைத்தாள். அவளே செய்தது, அவளே போட்டிருந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"இது போன வருஷக் கடைசில போட்டது. ஏழு மாசம் ஆச்சு" என்றாள். "டீச்சரம்மா நம்ம கடைல வந்து கழுத்தக் காட்டினாங்களே, கொடுத்து எத்தனை மாசம் இருக்கும் அப்ப?"

"பதினாறு, பதினேழு."

"தினமும் போட்டாங்க. குளிக்கறப்பவும் கழட்டல." அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "என் பூச்சு எட்டு மாசம்டி. நல்லாப் பாத்துக்கிட்டா பத்து. பதினேழு மாசம் மங்காம இருக்க அது என்ன கவரிங்கா? தங்கம்டி. தங்கத்தத்தான் கழுத்துல போட்டுட்டு வந்து நின்னாங்க. என் கண்ணு ரெண்டும் அவிஞ்சா போச்சு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குக் கைப்பையில் போன இரண்டு சங்கிலிகளில் ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். கவரிங்தான் மங்கும், தங்கம் மங்காது என்ற நினைப்பில் பளபளப்பதைத் தங்கமென்று பீரோவில் பூட்டிவிட்டு, மங்கலாக இருந்த அசலைக் கவரிங் என்று கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். தண்ணீரில் ஒரு முக்கு முக்கவிட்டிருந்தால், நூலை ஒரு நாள் விட்டுவைத்திருந்தால், இது நடந்திருக்காது. தங்கத்தைத் திருடர்களிடம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தவர் டீச்சரம்மா. திருடி என்று பெயர் வாங்கியவள் மருமகள்.

ஆனால் அந்தப் பலகை இருக்கிறதே. அது உண்மை என்றால், திருடன் கொண்டு போனது மங்காத கவரிங், மருமகள்தான் திருடி. பலகை பொய் என்றால் மருமகள் குற்றமற்றவள். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அக்கா தன் பலகையைத் தானே பொய் என்று சொல்ல வேண்டும். பத்து வருடமாக யார் போலி என்று சொன்னாலும் சட்டையைப் பிடித்தவள், அந்த வார்த்தையை எடுத்துத் தன் மேல் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும், வீடு போகும், குழந்தை யாரிடம் இருப்பது என்று இழுபறி வரும்.

"கடையப் பூட்டு. வா" என்றாள் அக்கா. அன்று சாயங்காலமே போனோம்.

இரண்டாவது மாடி வீடு. கூடத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட சோபா, சுவரில் பள்ளிக்கூடம் கொடுத்த கடிகாரம். பால்கனிக் கொடியில் பேத்தியின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மகன் சன்னலோரம் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சரம்மா, பீரோல இருந்த சங்கிலிய எடுத்துட்டு வாங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு? அதையும் மாத்தி எடுத்துட்டுப் போறதுக்கா?"

"செம்பத் திருடி நான் என்ன பண்ணப் போறேன்? எடுத்துட்டு வாங்க."

மகன் எடுத்து வந்தார். அக்கா அதை டீபாயில் விரித்துப் போட்டு, தான் எப்போதும் கூடவே வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள். "தம்பி, வளையமும் வளையமும் உரசற இடத்தப் பாருங்க. கழுத்துல போட்டா மொதல்ல செவக்கறது அங்கதான். இது செவக்கல. இத ஒருத்தரும் ஒரு நாள்கூட போடல. ரெண்டு வருஷம் முன்னால நான் செஞ்சு குடுத்த ஒரே கவரிங் இதுதான். அன்னைலேர்ந்து உங்க பீரோலயே தூங்கிட்டிருக்கு."

"அதான் நானும் சொல்றேன். புதுசா செஞ்சு வச்சிருக்கா, அதான் தேயல" என்றார் டீச்சரம்மா. "நீ மொதல்ல செஞ்சது என் கழுத்துல இருந்துச்சு. இருபது மாசம் மங்காம இருந்துச்சு. நீயே ரெண்டு வருஷம் மங்காதுன்னு ஓரடி எழுத்துல பலகை வச்சியே. அது பொய்யா?"



"பொய்" என்றாள் அக்கா.

அவள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மற்றதன் பக்கத்தில் போட்டாள். "இது ஏழு மாசம் ஆனது. செம்பு தெரியுது பாருங்க. என் பூச்சு எட்டு மாசம்தான் டீச்சரம்மா. இருபது மாசம் மங்காம கெடந்தது நான் செஞ்சது இல்ல. உங்க தங்கம். நீங்க கழுத்தக் காட்டிப் பாராட்டினப்ப மயங்கிட்டேன். இருபத்தியொரு வருஷம் பூச்சு வேலை பாத்தவ, தங்கத்த நேருக்கு நேர் பாத்துட்டு என் கைவேலைன்னு நம்பினேன். நம்பினது மட்டுமா, பலகை வேற வச்சு வித்தேன். போலின்னா அந்தப் பலகைதான் போலி. அத வச்ச நான் போலி. இந்தப் பொண்ணு எதையும் தொடல."

"அப்போ அன்னைக்கு அவனுங்க பறிச்சுட்டுப் போனது..." என்று ஆரம்பித்த டீச்சரம்மா நிறுத்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த மருமகளைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை "தப்புன்னா மன்னிப்புக் கேளு" என்று நிற்க வைத்த அம்மா. அவர் திரும்பியது அக்காவின் பக்கம். "ஒத்துக்கிட்ட பாத்தியா, நீ போலின்னு? இனிமே உன் கடைப்பக்கம் ஒருத்தி வரமாட்டா, நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே பார்த்தும் கொண்டார். அக்காவின் கண்ணாடிப் பெட்டியில் இப்போது தூசி படிந்திருக்கிறது, அதற்கு நீங்கள்தான் காரணம், கேட்டதைக் கேட்டபடி ஊதிவிட்ட நீங்கள் எல்லோரும்.

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஆமான்னு சொல்லிட்டேன்ல, விடு" என்றாள்.

மகன் மேசை மேலிருந்த புகாரை எடுத்து நான்காகக் கிழித்தார். பெரிய பாரம் இறங்கியது போல மூச்சு விட்டார். "சரி. தெரியாம நடந்துபோச்சு. யார் மேலயும் தப்பு இல்ல. போனது போச்சு" என்றார். எதையும் பூசி மெழுகிவிடலாம் என்று நினைக்கிற மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுவர்க் கடிகாரத்தை எடுத்து வீசியிருப்பேன். பிறகு அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பி, தினமும் சொல்கிற குரலில் சொன்னார்:

"எழுந்திரும்மா, எல்லாருக்கும் டீ போடு."

அவள் எழுந்தாள். அந்த வீட்டுக்குள் நாங்கள் வந்ததிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை, கண்ணாடிக் கடையில் எந்த எழுத்து தெரிகிறது என்று கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அத்தைக்கு அடையாளம் தெரியல. சரி, ரெண்டு சங்கிலியும் ஒரே மாதிரி இருந்துச்சு. என்னை மாதிரியே இன்னொருத்தி பக்கத்துல இருந்தாளா, உங்களுக்குக் குழம்பறதுக்கு?"

அவர் செல்போனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எங்களைக்கூடப் பார்த்தார். அவள் பால்கனிக்குப் போய், கொடியிலிருந்து குழந்தையின் சீருடையை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.